நோன்பில் தொட்டி, பெருநாளில் மீன்



பெருநாள் முடிந்து இரண்டு மூன்று கிழமை போனால் எங்களிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். பள்ளிக்கூட வாசலில் வரும், சந்தையில் வரும், கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு இருக்கும்போதும் வரும். "சேர், மீனெல்லாம் ஒவ்வொன்றாச் செத்துக்கொண்டு போகுது. என்ன மருந்து போடுற?" விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு மீன் வைத்தியமும் தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. சரி, தெரிந்ததைச் சொல்லுவோம்.

பெருநாள் காசு சேர்ந்ததும் பிள்ளைகள் மீன் கடைக்குப் போகிறார்கள். கண்ணாடித் தொட்டி, ஏர் பம்ப், கலர் கல், பிளாஸ்டிக் செடி, பத்துப் பதினைந்து மீன். எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வருகின்றன. அன்றிரவு வீடே தொட்டியைச் சுற்றி இருக்கும். பத்தாம் நாள் ஒரு மொலி சாகும். பன்னிரண்டாம் நாள் இரண்டு கப்பி. பிறகு நீல மருந்து, அதற்குப் பிறகு மஞ்சள் மருந்து. அதுவும் சரிவரவில்லை என்றால் தொட்டியை முழுதாகக் கழுவி வெயிலில் காய வைத்துப் புது மீன். மீண்டும் பத்தாம் நாள் அதே கதை. மூன்றாம் முறை தொட்டி கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடும். நம்மூரில் எத்தனை வீட்டில் இப்படி வெறும் தொட்டி கிடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த மீன்களில் பெரும்பாலானவை நோய் வந்து சாகவில்லை, தண்ணீரால் சாகின்றன. தண்ணீர் கெட்ட தொட்டியில் எந்த மருந்தை ஊற்றினாலும் அது இன்னொரு சுமைதான். மருந்துப் போத்தல் கடைசியாக எடுக்க வேண்டிய பொருள். நம்மூரில் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

அது ஏன் பத்தாம் நாள்?

சாதாரண தரத்துப் பிள்ளைகளிடம் நைதரசன் வட்டம் பற்றிக் கேளுங்கள், சொல்லுவார்கள். அந்த வட்டம் உங்கள் வீட்டு ஹோலில் இருக்கும் தொட்டிக்குள்ளும் ஓடுகிறது. மீன் மூச்சு விடும்போதே அதன் பூவால், அதாவது செவுளால், அமோனியாவை வெளியே விடுகிறது. கழிவும் மிஞ்சிய தீனும் அழுகினால் அமோனியா இன்னும் கூடும். அமோனியா மீனுக்கு நஞ்சு. குளத்திலும் ஆற்றிலும் அதைத் தின்று தீர்க்கும் பக்றீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். அதை மீன் ஓரளவு தாங்கும்.

புதுத் தொட்டியில் இந்தப் பக்றீரியாக்கள் இல்லை. அவை பில்டர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். ஆனால் மீன் முதல் நாளே அமோனியாவை விடத் தொடங்கிவிடுகிறது. ஒரு கிழமைக்குள் அமோனியா ஏறும், அதற்குப் பின்னால் நைத்திரைற்று ஏறும். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. கடைக்காரர் நோய் பிடித்த மீனைத் தந்துவிட்டார் என்று ஏசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

தொட்டியை முழுதாகக் கழுவினால் என்ன நடக்கும் என்பதும் இப்போது விளங்கும். பத்து நாளில் கொஞ்சம் ஒட்டியிருந்த நல்ல பக்றீரியாவும் சவர்க்காரத்தோடு போய்விடும். ஓட்டம் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும். சுத்தம் ஈமானின் பாதி என்று வளர்ந்த நமக்கு அழுக்கு ஸ்பொஞ்சைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அந்த மண்ணிற வழுவழுப்புத்தான் உங்கள் மீனின் உயிர். குழாய்க்குக் கீழே பிடித்துப் பிழியாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதில் மெல்ல இரண்டு முறை அமத்தி எடுத்தால் போதும்.

மருந்துக்கு முன் மூன்று கேள்விகள்

மீன் செத்தால் கடைக்கு ஓடாமல் தொட்டிக்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதல் கேள்வி: எல்லா மீனுக்குமா, ஒரு மீனுக்கா?

எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் பிரச்சினை தண்ணீரில் இருக்கிறது. விடியற்காலையில் மட்டும் அப்படி இருந்து பகலில் சரியாகிவிட்டால் ஒட்சிசன் குறைவு. 20 பாகை செல்சியஸ் தண்ணீரில் ஒரு லீற்றருக்குள் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் வீட்டுத் தண்ணீர் 30ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த நாட்களில் மூடியை நன்றாகத் திறந்து வலையைப் போட்டு விடுங்கள், தண்ணீர் மேற்பரப்பு நன்றாக அசையட்டும்.

பகல் முழுக்க மேலேயே நின்றால் அமோனியாவையோ நைத்திரைற்றையோ சந்தேகியுங்கள். சந்தையில் மீன் வாங்கும்போது பூவைத் தூக்கிப் பார்க்கிறோம் அல்லவா, அதே பார்வைதான். பூ கடும் சிவப்பாக, எரிந்தது போல் இருந்தால் அமோனியா. மண்ணிறமாக மாறியிருந்தால் நைத்திரைற்று. அது இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் வேலையைக் கெடுத்து இரத்தத்தையே மண்ணிறமாக்கிவிடும்.

ஒரு மீன் மட்டும் மூலையில் ஒதுங்கி வால் கிழிந்து நின்றால் மற்ற மீன்களைப் பாருங்கள். அதைப் பிறகு சொல்கிறோம்.

இரண்டாம் கேள்வி: திடீரென்றா, மெல்ல மெல்லவா?

இரவு நன்றாக இருந்த மீன்கள் காலையில் எல்லாம் ஒன்றாகச் செத்துக் கிடந்தால் அது நோய் இல்லை. குழாய்த் தண்ணீரின் குளோரின், பூச்சி மருந்து, மின்வெட்டு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கிழமைக்கு ஒன்று இரண்டு என்று செத்தால் நெரிசல், கூடுதல் தீன், பழக்கப்படாத தொட்டி. ஒன்றரை, இரண்டு வருடம் வாழ்ந்த கப்பி செத்தால் அதற்கு வயது போய்விட்டது. அதற்கு யாரும் குற்றவாளி இல்லை.

மூன்றாம் கேள்வி: கடந்த மூன்று நாளில் என்ன மாறியது?

புது மீன் விட்டீர்களா? குழாயிலிருந்து நேரே தண்ணீர் பிடித்து ஊற்றினீர்களா? பில்டரைக் கழுவினீர்களா? வீட்டுக்குப் பெயின்ட் அடித்தீர்களா? விருந்துக்கு வந்த மச்சான் மகன் பாதி டப்பாத் தீனைக் கொட்டிவிட்டானா? பத்தில் எட்டுத் தரம் பதில் இந்தக் கேள்விக்குள் அகப்படும் என்பது எங்கள் அனுபவம்.

இங்கே நுளம்பு பற்றி ஒரு வார்த்தை. நுளம்புச் சுருளிலும் டெங்குக்கு அடிக்கும் புகையிலும் இருக்கும் பைரித்ரொயிட் வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. பம்புக்குப் பக்கத்தில் சுருள் கொளுத்தினால் அந்தப் புகையைத் தொட்டிக்குள் ஊதுகிறோம் என்று அர்த்தம். தெருவுக்குப் புகை வண்டி வரும் நாளில் தொட்டியை ஈரத் துணியால் மூடி, புகை போகும்வரை பம்பை நிறுத்தி வையுங்கள். டெங்குக்குப் புகை தேவை, மீனுக்கு மூடி தேவை. இரண்டையும் செய்யலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதல் உதவி ஒன்றுதான். கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, வாய் அகன்ற வாளியில் 24 மணிநேரம் வைத்த தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். அவசரம் என்றால் கடையில் அன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேற்றை, பக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குப் போடலாம். இரண்டு நாளைக்குத் தீன் வேண்டாம். வளர்ந்த மீன் இரண்டு நாள் பசியில் சாகாது. பம்பை நிறுத்தாதீர்கள். புது மீன் வாங்காதீர்கள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கால்வாசி மாற்றுங்கள். நைத்திரைற்றுச் சந்தேகம் என்றால் லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றினால் அது பூவுக்குள் போவது குறையும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று 2022இல் நாடு முழுக்கக் கேட்டது. ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் இருந்த காலம் அது. இன்றும் மழைக்காலத்தில் அரைநாள் போகத்தான் செய்கிறது. கரண்ட் இல்லாதபோது தீன் போடாதீர்கள். அரை மணிக்கு ஒருதரம் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பிள்ளைகள் முறை வைத்துச் செய்வார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு.

எத்தனை மீன், எந்த மீன்?

60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியை எடுங்கள். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லீற்றர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லீற்றர் மிஞ்சும். தரம் 7 பிள்ளை இந்தக் கணக்கைச் செய்யும். அந்த 45 லீற்றருக்குள் பத்துச் சின்ன மீன் போதும். வட்டக் கண்ணாடிப் பாத்திரத்தில் கோல்ட் ஃபிஷ் வைப்பது அந்த மீனுக்குச் செய்யும் அநியாயம். அது ஒரு சாணுக்கு மேல் வளரும், குளிரான தண்ணீர் விரும்பும், கழிவும் அதிகம் விடும்.

பல சாதி மீன்களை ஒன்றாக விடும்போது அழகைப் பார்க்காமல் குணத்தைப் பாருங்கள். டைகர் பார்ப் சுறுசுறுப்பானது, ஆனால் ஏஞ்சல் மீனின் நீண்ட செட்டையையும் கப்பியின் வாலையும் கடிக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியோன் டெட்ராவை விழுங்கும். ஆண் பைட்டர் இரண்டை ஒரு தொட்டியில் விடவே கூடாது. ஒஸ்கார் குட்டி விரல் அளவில் இருக்கும், வளர்ந்தால் ஓர் அடி. கப்பி, பிளட்டி, மொலி மூன்றும் சமாதானமாக இருக்கும், கொஞ்சம் கடினமான நம் கிணற்றுத் தண்ணீரும் அவற்றுக்கு ஒத்துவரும். ஆனால் மாதத்துக்கு ஒருதரம் குட்டி போடும், அதற்கும் இடம் வேண்டும். செரி பார்ப் நம் நாட்டின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய மீன், சாதுவானது. கடையில் வளர்ப்பு மீனாகக் கிடைத்தால் ஆறேழாக வாங்கி விடுங்கள்.

டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பாதீர்கள். அது பாசியைச் சுரண்டித் தின்னும், அதைவிடக் கூடுதலாகக் கழிவு விடும், ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் இடமில்லை என்று குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். இப்படித் தொட்டியிலிருந்து போன டேங்க் கிளீனரும் கத்தி மீனும் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகி, மீனவரின் வலையையும் உள்ளூர் மீனையும் பாதிக்கின்றன. வேண்டாத மீனைக் கடைக்கோ வளர்க்கும் இன்னொருவருக்கோ கொடுங்கள். குளத்தில் விடுவது இரக்கம் போலத் தெரியும், ஆனால் அது அங்கே இருக்கும் மீன்களுக்குச் செய்யும் கொடுமை.

கிணற்றுத் தண்ணீரா?

கிணற்றில் குளோரின் இல்லை, அது நல்லது. ஆனால் சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் பீஎச் கூடும். பீஎச் 7இலிருந்து 8 ஆனால் அதே அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்கு ஆகும். அதனால்தான் பக்கத்து வீட்டுத் தொட்டியில் சமாளிக்கும் மீன் உங்கள் தொட்டியில் சாகிறது.

இன்னொன்று மீனைவிடப் பெரிய விஷயம். நம்மூர் மணல் தரையில் வளவு சின்னது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் தூரம் போதாது. மீன் கடையில் கிடைக்கும் பரிசோதனைப் பட்டியைத் தொட்டிக்குள் வைப்பதற்கு முன், கிணற்றிலிருந்து நேரே எடுத்த தண்ணீரில் ஒருதரம் தோய்த்துப் பாருங்கள். நைத்திரேற்று அங்கேயே அதிகம் காட்டினால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி முறையாகப் பரிசோதியுங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும்.

மருந்து எப்போது?

மருந்தே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்து மீன் கல்லில் உரசினால் அது ஒட்டுண்ணி. மாரி தொடங்கி இரவுகள் குளிரும்போதும், புது மீனை நேரே தொட்டியில் விட்ட பிறகும் அதிகம் வரும். அதற்கு மருந்து உண்டு. ஆனால் மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது, அது வெளியே வந்து நீந்தும் கட்டத்தில்தான் கொல்லும். இரண்டாம் நாள் புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் அடுத்த கிழமை திரும்ப வரும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு கிழமையாவது தொடருங்கள். மெதிலீன் புளூ பில்டர் பக்றீரியாவையும் பாதிக்கும் என்பதால் நோயுள்ள ஒரு மீனை வேறு வாளியில் வைத்து வைத்தியம் செய்வது நல்லது. பார்மசியில் வாங்கிய டெட்ராசைக்கிளின் மாத்திரையை உடைத்துத் தொட்டியில் போடுவதை நிறுத்துங்கள். மனிதருக்கு வேண்டிய மருந்து அது. அதை இப்படிக் கண்டபடி பாவித்துத்தான் கிருமிகளுக்குப் பழக்கப்படுத்துகிறோம்.

"நூறு ரூபா மீன்தானே"

இவ்வளவும் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். "செத்தால் இன்னொன்று வாங்குவோம்" என்பார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் செத்த மீனைக் கழிப்பறையில் போட்டுவிட்டு அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி விடும் உம்மாமார் இருக்கிறார்கள். பிள்ளை அழக்கூடாது என்ற பாசம்தான். ஆனால் பிள்ளை படிக்கும் பாடம் என்ன? உயிர் போனால் நூறு ரூபாவுக்கு வேறொன்று வரும் என்பது.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் கதையைக் கேட்காத பிள்ளை நம்மூரில் இல்லை. அவள் தானும் உணவு கொடுக்கவில்லை, அது தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. தொட்டி மீனும் அப்படித்தான். குளத்து மீன் தண்ணீர் கெட்டால் வேறு பக்கம் போகும், தொட்டி மீனுக்குப் போக இடமில்லை. அது விழுங்கும் ஒவ்வொரு மூச்சும் நாம் ஊற்றிய தண்ணீர். தொட்டி வாங்கிய அன்றே அது நமக்கு அமானிதம்.

பிள்ளையின் அழுகையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். சின்னப் பையன் அபூ உமைரின் குருவி செத்தபோது நபியவர்கள் அவனிடம் அதைப் பற்றியே அன்பாக விசாரித்தார்கள். பிள்ளையோடு சேர்ந்து மீனை வளவில் புதையுங்கள். பிறகு அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். "ஏன் செத்தது?" என்று தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளை எங்கள் வகுப்பில் பத்துப் பாடத்தில் படிப்பதை ஒரு தொட்டியில் படித்துவிடும்.

கடைசியாக ஒரு யோசனை

தொட்டி பழக நாலு முதல் ஆறு கிழமை வேண்டும் என்றோம். நோன்பு ஒரு மாதம். அல்லாஹ் நாடினால் வரும் றமழானுக்குத் தலைப்பிறை கண்டதும், முடிந்தால் ஒரு கிழமை முன்னரே, தொட்டியை வையுங்கள். தண்ணீர் ஊற்றி, பில்டரை ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீன் மட்டும் போடுங்கள். அது அழுகி அமோனியா வரும், பக்றீரியா அதைத் தின்று பெருகும். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் அவருடைய பழைய ஸ்பொஞ்சைப் பிழிந்த தண்ணீரைக் கொஞ்சம் வாங்கி ஊற்றுங்கள், இன்னும் கெதியாகப் பழகும். முதல் கிழமை தண்ணீர் பால் போலக் கலங்கினால் பயப்படாதீர்கள், தானாகத் தெளியும். மாத முடிவில் பட்டியைத் தோய்த்துப் பாருங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்றால் தொட்டி தயார். இல்லை என்றால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள்.

பெருநாள் காசில் மூன்று மீன் வாங்குங்கள். இரண்டு கிழமை கழித்து இன்னும் மூன்று. ஒரு நாளைக்கு ஒருதரம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கால்வாசித் தண்ணீர். இவ்வளவுதான் வேலை.

வெறும் தொட்டியில் மீனே இல்லாமல் ஒரு மாதம் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். பக்கத்தில் இருந்து பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் எங்களிடம் அனுப்புங்கள்.